கருவினுள் ஒடுங்கிய நூல்: பிரீட்ரிக் மீஷர் வாழ்க்கை

மனித உடம்பின் பெரும்பாலான கலங்களினுள்ளே கரு என ஓர் அறை உண்டு. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்குக்கும் குறைந்தது. அத்துணைச் சிறிய அறையினுள், ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் ஏறக்குறைய 2 மீற்றர் வரத்தக்க டி. என். ஏ. என்னும் இழை, 46 துண்டுகளாக அடங்கிக் கிடக்கின்றது. அடங்கிக் கிடத்தல் மட்டும் போதாது. அறுதலும் சிக்குண்டலும் கூடா. வேண்டும்போது வேண்டிய இடத்தை அவிழ்த்துப் படித்து மீளக் கட்டிவைத்தற்கும் இயல வேண்டும். நூல் என்னுஞ் சொல் நம் மொழியில் இழைக்கும் பெயர். கற்றற்குரிய ஏட்டுக்கும் பெயர். நன்னூலார் தம் பாயிரத்தில் இவ்விரண்டையும் பொருத்திக் காட்டியதை மாணவர் அறிவர். அந்தப் பொருத்தம் கலத்தின் கருவிலே உண்மையாகவே அமைந்துள்ளது.

இந்த நூலை முதன்முதற் பிரித்தெடுத்தவரும், இதனைக் கட்டிவைக்குங் கயிறுகளுள் ஒன்றை முதன்முதற் கண்டவரும் ஒருவரே. அவர் சுவிற்சர்லாந்து தேசத்து யோகான் பிரீட்ரிக் மீஷர் என்பார். வாற்சன், கிறிக் என்னும் இருவர் பெயரையும் பாடசாலைப் பிள்ளைகளும் சொல்வர். அவர்களுக்கு 84 ஆண்டு முன்னர் அப்பொருளைக் கையில் எடுத்த மீஷரை அறிஞருலகம் நன்கு அறியும். வகுப்பறைகள் அத்துணை அறியா. ஆதலின் அவர் வரலாறு ஈண்டுச் சிறிது விரித்துரைக்கப்படுகின்றது.

மீஷர் 1844ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் றைன் நதிக்கரை நகரமாகிய பாசலிற் பிறந்தார். தந்தையார் வைத்தியப் பேராசிரியர். தாயாரின் உடன்பிறந்தாராகிய வில்கெல்ம் ஹிஸ் உடற்கூற்றியலிற் பெரும் புகழ் படைத்தவர். கல்வி குடிப்பொருளாக வந்த வீடு எனலாம். ஆயினும் இளமையிலுற்ற காதுநோய் மீஷரின் செவிப்புலனைப் பெரிதும் குறைத்துவிட்டது. கூச்சமும் தனிமை விருப்பும் அவருக்கு இயல்பாயின. பாசலிலே வைத்தியம் பயின்று 1868இற் பட்டம் பெற்றபோது, நோயாளியின் நெஞ்சொலியைச் செவ்வையாகக் கேட்கவியலாத தாம் வைத்தியத் தொழிலை எங்ஙனம் நடத்துவது என்ற கவலை அவரை வருத்தியது. அப்பொழுது வழிகாட்டியவர் மாமனார் ஹிஸ். உடலின் இழையங்கள் எவ்வாறு உருவாகின்றன என்னும் வினாவுக்கு இறுதி விடை இரசாயனத்தினாலேயே கிடைக்கும் என்பது அவர் கொள்கை. மருகரும் அதனை ஏற்றார். கேட்குந் தொழிலை விட்டுக் கரைத்தலும் வடித்தலும் நிறுத்தலுமாகிய தொழிலை மேற்கொண்டார்.

அக்காலத்தில் அத்துறைக்கு ஆசானாய் விளங்கியவர் யேர்மனியில் தியூபிங்கன் நகரத்துப் பீலிக்ஸ் ஹொப்பே-சைலர். குருதியின் செந்நிறப் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயரிட்டவர் இவரே. இவருடைய ஆய்வுகூடம் நகரத்தின் மேட்டிலுள்ள பழைய கோட்டை மாளிகையில் இருந்தது. மீஷருக்குக் கிடைத்த அறை அம்மாளிகையின் பழைய சமையற்கட்டு. தடித்த சுவர், வளைந்த கூரை, ஆழ்ந்த சன்னல்கள். அக்கூடத்தில் 1868ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் பணி தொடங்கியது.

கலங்கள் எவ்வெப் பொருள்களால் ஆயின என்று அறிய வேண்டும். அதற்கு மிக எளிய கலங்களை எடுத்தல் நன்று என்று கருதிக் குருதியின் வெண்கலங்களைத் தேர்ந்தார். நிணநீர்ச் சுரப்பிகளிலிருந்து அவற்றைப் போதிய அளவு பெறல் அரிதாயிற்று. சீழ் என்பது பெரும்பாலும் வெண்கலங்களின் திரளே. அணித்தேயிருந்த சத்திரசிகிச்சைச் சாலையில் நாடோறும் புண்கட்டுத் துணிகள் கழிக்கப்பட்டன. அவற்றை மீஷர் வாங்கி வந்தார். அழுகல் நாற்றம் வீசியவற்றை ஒதுக்கினார். புதியனவற்றைச் சோடியஞ் சல்பேற்றுக் கரைசலிலிட்டுக் கழுவிக் கலங்கள் உடையாதபடி பிரித்தார். பிறர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுஞ் சீழிலே இளைஞர் ஒருவர் மாதக்கணக்கிற் கைவைத்திருந்தார் என்பதை விஞ்ஞானம் படிக்கும் நம் மாணவர் மனத்திற் கொள்வாராக.

அக்கலங்களைக் காரத்திற் கரைத்து அமிலஞ் சேர்த்தபோது வெண்பொருளொன்று வீழ்ந்தது. மீண்டுங் காரஞ் சேர்க்க அது கரைந்தது. அறிந்த புரதங்கள் எவையும் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. இப்பொருள் கருவினின்றும் வருவதாதல் வேண்டும் என்று ஐயுற்றார். ஐயத்தைத் தீர்க்கக் கருவைத் தனியே பிரித்தல் வேண்டும். அதனை அதுகாறும் எவருஞ் செய்ததில்லை. குளிர்காலத் தட்பத்திலே பல கிழமைகள் ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தால் கலங்களை மீண்டும் மீண்டும் கழுவினார். நீரும் ஈதரும் விட்டுக் குலுக்கினார். கருக்கள் அடியிற் படிந்தன. பின்னர் முறையைத் திருத்தி, பன்றியின் இரைப்பையிலிருந்து தாமே எடுத்த பெப்சின் என்னும் நொதியத்தாற் புரதங்களைச் செரிக்கச் செய்தார். புரதம் கரைந்தது, கருவின் அப்பொருள் கரையாது நின்றது. எரித்துப் பகுத்துப் பார்த்தபோது காபன், ஐதரசன், நைதரசன், ஒட்சிசன் என்பவற்றோடு பொசுபரசு மிகுதியாகக் காணப்பட்டது. புரதங்களில் வழக்கமாயுள்ள கந்தகம் அதற்கு உரியதாகத் தோன்றவில்லை. இது புதுப்பொருள் என்று துணிந்து, கருவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினடியாக நியூக்கிளீன் என்று பெயரிட்டார். 1869 பெப்ரவரியில் மாமனாருக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 24. நாம் இன்று டி. என். ஏ. என்பது அந்த நியூக்கிளீனின் உட்பொருளே.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கருவிலே அவ்விழை தனியே கிடப்பதில்லை. ஹிஸ்டோன் என்னும் ஒருவகைப் புரதங்களின்மேற் சுற்றப்பட்டிருக்கின்றது. ஹிஸ்டோன் ஐதான அமிலத்திற் கரையும் இயல்பினது. தியூபிங்கனில் மீஷர் பல கிழமையாக அமிலமிட்டுக் கழுவியபோது, அந்நீரோடு இந்தக் கட்டுப்பொருளும் கழிந்துபோயிருத்தல் வேண்டும். எஞ்சியதைப் பெப்சின் செரித்திருக்கும். ஏட்டைக் காணும் வேட்கையிற் கட்டியிருந்த கயிற்றை அழுக்கென்று கருதி அகற்றினார் என்க. அகற்றாமல் ஏட்டைக் கண்டிருக்கவும் முடியாது. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழிந்து, 1884இல், அதே ஹொப்பே-சைலரின் மாணாக்கராகிய அல்பிரெக்ட் கொசெல் என்பார் வாத்தின் குருதிக் கலங்களில் ஐதான அமிலத்தைக் கொண்டே அப்பொருளை வெளிப்படுத்தி ஹிஸ்டோன் என்று பெயரிட்டார். பறவைகளின் செங்கலங்களிற் கருவுண்டு, நம்முடையவற்றில் இல்லை. ஆதலின் வாத்தின் குருதி அதற்கு வாய்ப்பாயிற்று. கொசெல் 1910இல் நோபெல் பரிசு பெற்றார்.

மீண்டும் மீஷரிடம் வருவோம். 1869 இலையுதிர்காலத்தில் அவர் லைப்சிக் நகரத்துக்குச் சென்று காள் லூட்விக் என்னும் உடற்றொழிலியல் ஆசானிடம் சேர்ந்தார். அங்கிருந்து தம் கட்டுரையை எழுதி ஹொப்பே-சைலருக்கு அனுப்பினார். ஆசான் அதனை உடனே அச்சிடவில்லை. மாணாக்கர் கண்டதாகக் கூறும் பொருள் உண்மையிற் புதியதுதானா என்று தம் கையாலேயே எல்லாவற்றையும் திரும்பச் செய்து பார்த்தார். இடையே 1870இற் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. கட்டுரை 1871இலேதான் வெளிவந்தது. ஆசானின் சோதனைக் கட்டுரையும், பறவை பாம்பு ஆகியவற்றின் குருதிக் கலங்களிலும் நியூக்கிளீன் உண்டு என்று இன்னொரு மாணாக்கர் காட்டிய கட்டுரையும் அதனுடன் வந்தன. இளைஞரின் மனம் இவ்விடைக்காலத்திற் பட்ட பாட்டை எண்ணின் ஹொப்பே-சைலர்மேற் சினம் வருதல் இயல்பு. ஆயினும் எம் கருத்தில் அவர் செய்தது ஆசிரியருக்கு ஏற்ற செயலே. பிறர் நம்பாத புதுப்பொருளுக்கு ஆசானின் கைச்சான்று அன்று பெரிதும் வேண்டியிருந்தது. மாணாக்கரின் புகழிலே தமக்குப் பங்கு கேட்டவருமல்லர்.

1872இல் மீஷர் பாசற் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியற் பேராசிரியரானார், வயது 28. செவ்விய ஆய்வுகூடம் அங்கே இல்லை. ஆனால் றைன் நதி இருந்தது. நதியிலே சால்மன் மீன் இருந்தது. கடலிலே வளர்ந்த சால்மன் முட்டையிடும் பொருட்டு ஆற்றை எதிர்த்துப் பாசல்வரை ஏறி வரும் காலம் அது. ஆண் மீனின் விந்துக் கலத்திலே தலையென்பது ஏறக்குறைய முழுவதும் கருவே. சீழைவிடத் தூய இடம், அளவோ ஏராளம். இத்தகைய மூலப்பொருள் ஒரு கரு ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்தது பெரும்பேறு.

ஆனால் நியூக்கிளீன் வெப்பத்திற் சிதையும். ஆதலின் அவர் குளிர்காலத்தில் விடியற்காலை 5 மணிக்கே சென்று, கணப்பில்லாத அறையிற் சன்னல்களைத் திறந்துவைத்து, உறைநிலைக்குச் சற்றே மேற்பட்ட குளிரிலே பல மணிநேரம் வேலை செய்தார். 1878இல் நிகழ்ந்த தம் திருமணத்தன்றும் மணமகன் வராமையால் நண்பர்கள் தேடிச் சென்று ஆய்வறையிலிருந்து அழைத்துவந்தார்கள் என்றொரு கதை வழங்குகின்றது. கதையோ மெய்யோ, அந்தக் குளிரறைகள் அவர் உடலை வாட்டின என்பதில் ஐயமில்லை.

1874இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே அவர் இரண்டு பொருள்களைக் காட்டினார். சால்மன் விந்துக் கலத்தின் தலையில் நியூக்கிளீன் உண்டு. அஃது ஓர் அமிலம். அதனோடு இணைந்து நைதரசன் மிக்க காரப்பொருள் ஒன்றும் உண்டு. அதற்குப் புரொட்டமீன் என்று பெயரிட்டார். அமிலமும் காரமும் சேர்ந்து உப்பாவதுபோல இவ்விரண்டும் பிணைந்து நிற்கின்றன என்றும் கண்டார். தியூபிங்கனிற் கழுவி விட்ட கயிற்றைப் பாசலிலே கைவிடாமற் பிடித்துக்கொண்டார். கட்டப்பட்டதும் கட்டுவதும் ஒருசேர ஒருவர் கையில் அகப்பட்டது அதுவே முதன்முறை.

அந்தப் பிணைப்பின் இயல்பு இன்று தெளிவாகியுள்ளது. டி. என். ஏ. இழையின் ஓரமெங்கும் பொசுபேற்றுக் கூறுகள் நிரையாக உள்ளன, அவை எதிர்மின்னேற்றமுடையன. ஒரே ஏற்றமுடைய பகுதிகள் ஒன்றையொன்று தள்ளுமாதலின் அவ்விழை தானாக மடங்க உடன்படாது. சால்மன் புரொட்டமீனிலோ மூன்றில் இரண்டு பங்களவு ஆர்கினீன் என்னும் அமினோவமிலம், அது நேர்மின்னேற்றமுடையது. இரண்டும் சேருங்கால் தள்ளுதல் ஒழிகின்றது. இழை இறுகச் சுருளுகின்றது. மீஷர் உப்பு என்று சொன்ன சொல் இங்ஙனம் பொருளாழமுடையதாயிற்று.

அதே 1874இல் அவர் உண்மைக்கு மிக அணித்தாகவும் வந்தார். கருக்கட்டலுக்குத் தனியொரு பொருளே காரணமென்று கொள்வதாயின் முதற்கண் நியூக்கிளீனையே நினைத்தல் வேண்டும் என்ற கருத்தை எழுதி வைத்தார். எழுதியவுடனே அதை மறுத்துங்கொண்டார். எல்லா உயிர்களின் நியூக்கிளீனும் ஒரே தன்மையாகத் தோன்ற, இத்துணை வேறுபட்ட உயிர்வகைகள் அதனால் எங்ஙனம் விளையும் என்பது அவரைத் தடுத்த வினா. விந்து முட்டைக்கு ஒருவகை இயக்கத்தைக் கொடுக்கின்றது என்ற பக்கம் அவர் மனம் சாய்ந்தது. அந்த வினா நேர்மையானது. அன்றைய அளவைகளுக்கு அதற்கு மேற் செல்ல வலியில்லை.

இதே காலத்தில் வேறோரிடத்திலிருந்து வேறோர் ஒளி தோன்றியது. கீல் நகரத்து வால்தர் பிளெமிங் (பெனிசிலின் கண்ட பிளெமிங் வேறு, மயங்கற்க) சாயமூட்டிய கலங்களை நுணுக்குக்காட்டியில் நோக்கி, கருவிலே சாயத்தை விரும்பி ஏற்கும் பொருளொன்றைக் கண்டு குரோமற்றின் எனப் பெயரிட்டார். கலம் பிரியுமுன் அது திரண்டு நூல்களாவதையும், அந்நூல்கள் நெடுகப் பிளந்து இரு பக்கமும் பிரிவதையும் காட்டினார். 1882இல் வெளிவந்த தம் நூலில் அப்பொருளும் மீஷரின் நியூக்கிளீனும் ஒன்றாகலாம் என்றுங் கருதினார். நாம் இன்று நிறமூர்த்தம் என்பது அந்நூல்களையே. ஒருவர் கண்ணாற் கண்டதும் மற்றவர் குடுவையில் வடித்ததும் ஒன்றே. இருவரும் கைகோத்திருந்தால் எத்துணை நலம் விளைந்திருக்கும்! மீஷரோ அச்சாயக்காரர் கூட்டத்தை எள்ளினார். நிறமேற்பதெல்லாம் ஒரே பொருளாகிவிடுமா என்பது அவர் கேள்வி. அவருடைய வாழ்க்கையில் எமக்குக் குறையாகப் படுவது இஃதொன்றே. தம் முறையின் தூய்மையிற் கொண்ட பற்று, அயலவர் முறையிலிருந்த மெய்யைக் காணவொட்டாது மறைத்தது.

பிற்காலத்தில் அவர் வேலைகள் பலவாறாகச் சிதறின. சால்மன் கடல்விட்டு ஆறேறிய பின் உணவு கொள்வதில்லை என்றும், அதன் தசையே கரைந்து முட்டையும் விந்துமாக மாறுகின்றது என்றும் எண்ணற்ற மீன்களை நிறுத்துக் காட்டினார். மூச்சின் விரைவை அடக்கி ஆள்வது குருதியிலுள்ள காபனீரொட்சைட்டே என்றும் கண்டார். அரசினர் சிறைச்சாலை உணவு முதலியவற்றைப் பற்றி அறிக்கை கேட்டு அவர் காலத்தை வாங்கினர். 1885இல் உடற்கூற்றியலுக்கும் உடற்றொழிலியலுக்குமென வெசாலியானம் என்னும் நிலையத்தை நிறுவித் தலைமை தாங்கினார். வெசாலியசின் உடற்கூற்றுப் பெருநூல் 1543இல் அச்சேறியது பாசலிலேயாதலின் அப்பெயர் பொருத்தமுடைத்து. மாணவர்க்கு விரிவுரையாற்றுவதில் அவர் சிறந்தவரல்லர் என்பர். கூச்சம், கிட்டப்பார்வை, செவிக்குறை ஆகிய மூன்றும் ஒருங்கு கூடிய ஒருவர், கேட்போர் தாமறிந்த அளவு அறிவர் என்று எண்ணிப் பேசினால் வகுப்பு எவ்வாறிருக்கும் என்பதை ஆசிரியத் தொழிலுடையார்க்கு விளக்க வேண்டியதில்லை.

நியூக்கிளீன் என்ற பெயரும் அவர் கையைவிட்டுப் போயிற்று. 1889இல் றிச்சட் அல்ற்மான் என்பவர் புரதம் நீங்கிய பொருளை எடுத்து நியூக்கிளிக்கமிலம் என்றார். அஃது அமிலம் என்பதை மீஷர் முன்னரே கண்டிருந்தார். பெயர்மட்டும் பிறர் இட்டதாய் நிலைத்தது.

1892இன் இறுதியில் மாமனார் ஹிஸ்ஸுக்கு அவர் எழுதிய கடிதமொன்றைத் தமிழாசிரியர் எவரும் வியப்பின்றிப் படித்தல் அரிது. பரம்பரையின் பல்வேறு வகைகளெல்லாம் பெரிய மூலக்கூறுகளின் அமைப்பு வேறுபாட்டிலே அடங்கியிருக்கலாம் என்றும், எல்லா மொழிகளின் சொற்களும் கருத்துகளும் 24 முதல் 30 வரையான எழுத்துகளுள் அடங்குதல் போல்வது அது என்றும் அதிற் கருதுகின்றார். நம் இலக்கணம் கூறும் முதலெழுத்துகளும் முப்பதே. மீஷர் அதனை எழுதியபோது புரதம் போன்ற பொருள்களையே மனத்திற் கொண்டிருந்தார். தம் நியூக்கிளீனை அன்று. எழுத்து முறை ஒன்று உண்டு என்று கண்டவர், அது எழுதப்பட்ட ஏடு தம் மேசைமேலேயே இருப்பதை அறியவில்லை. அந்த நெடுங்கணக்கில் நான்கே எழுத்துகள் என்பது பின்னர் தெரிந்தது.

குளிரும் ஓயாத உழைப்பும் கடைசியிற் கணக்குத் தீர்த்தன. காசநோய் பற்றியது. பதவி துறந்து மலைநகராகிய தாவோசுக்குச் சென்றார். முடிக்காத ஆராய்ச்சிகளை எழுதி முடிக்கும் வலிமையும் இல்லாதொழிந்தது. பழைய ஆசான் லூட்விக், கலத்தை ஆராய்வோர் உள்ளவரை முதல்வழி வகுத்தவரென்று உம்மை நினைப்பர் என்னும் கருத்துப்பட எழுதி ஆறுதல் கூறினார். அந்த லூட்விக்கும் 1895 ஏப்ரலில் இறந்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள் மீஷரும் தாவோசில் உயிர் நீத்தார், வயது 51. அவர் எழுதியனவற்றையும் கடிதங்களையும் திரட்டி ஹிஸ்ஸும் நண்பரும் 1897இல் இரு பாகமாக வெளியிட்டனர்.

அதன்பின் நெடுங்காலம் கருவிலே புரதத்துக்கே மதிப்பிருந்தது. 1944இல் ஏவரியும் துணைவரும் பரம்பரைப் பண்பைக் கடத்துவது டி. என். ஏ. என்று காட்டினர். 1953இல் அதன் இரட்டைச் சுருள் வடிவம் வெளியாயிற்று. கட்டின் இரகசியம் மேலும் இருபதாண்டு காத்திருந்தது. 1974இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியிலே குரோமற்றின், நூலிற் கோத்த மணிகள்போலத் தெரிந்தது. எட்டு ஹிஸ்டோன் மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் உருளை, அதன்மேல் டி. என். ஏ. ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சிறிது குறையச் சுற்றுகின்றது. இத்தகைய கட்டு ஒவ்வொன்றிலும் 147 இணை எழுத்துகள். இம்மணிக்கு நியூக்கிளியோசோம் என்று பெயர். அதன் நுண்ணிய படிக வடிவம் 1997இல், மீஷரின் நாட்டிலேயே, சூரிச் நகரத்தில் தெளிவாயிற்று. மணிக்கோவை மேலும் கண்ணி கண்ணியாக மடிகின்றது. ஒவ்வொரு நிறமூர்த்தமும் கருவினுள் தனக்கென ஓர் இடத்தைப் பற்றிக்கொள்கின்றது. ஹிஸ்டோனின் வால்களில் ஏறும் சிறுசிறு இரசாயனக் குறிகளால் கட்டு நெகிழ்தலும் இறுகுதலும் நிகழ்கின்றன. நெகிழ்ந்த இடம் படிக்கப்படும். இறுகிய இடம் மூடிக்கிடக்கும். கண் கலமும் ஈரற் கலமும் ஒரே ஏட்டைக் கொண்டும் வேறு வேறு தொழில் செய்வதற்கு இஃது ஒரு காரணம்.

சால்மன் விந்துக் கலத்திலோ ஹிஸ்டோன் விலகப் புரொட்டமீன் வந்தமர்கின்றது. அது பயணத்துக்கான கட்டு. வழியில் எவரும் படிக்கத் தேவையில்லை. முட்டையை அடைந்த பின் புரொட்டமீன் நீங்க, ஹிஸ்டோன் மீண்டும் ஏறுகின்றது. மீஷர் சீழிலே எடுத்தது நாடோறும் விரித்துப் படிக்கும் சுவடி. மீனிலே எடுத்தது முத்திரையிட்டு அனுப்பிய பொதி.

புரொட்டமீனுக்கு மீஷர் கனவிலும் கருதாத பயன் ஒன்றும் பின்னர் வந்தது. 1936இல் தென்மார்க்கு நாட்டு ஹாகெடோன் அதனை இன்சுலினோடு சேர்த்து, மருந்து மெல்ல மெல்ல உடலிற் கலக்கச் செய்தார். நீரிழிவு நோயாளர் பலர் இன்றும் இடும் ஊசிகளுள் ஒருவகை அதன் வழித்தோன்றலே. இதய சத்திரசிகிச்சை முடிந்ததும், குருதி உறையாதிருக்கக் கொடுத்த ஹெப்பரினை முறிப்பதற்கும் புரொட்டமீன் உதவுகின்றது.

பாசல்வரை ஏறிவந்த சால்மன் கூட்டங்கள் அணைகளாலும் மாசினாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் றைனிலிருந்து அற்றுப்போயின. மீளக் கொணர முயற்சி நடைபெறுகின்றது. தியூபிங்கன் மாளிகையில் அந்தச் சமையற்கட்டைக் காண்போர் இன்றுஞ் சென்று காணலாம். பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய் பேணப்படுகின்றது. அதனுள்ளே மங்கிய நிறத்து உலர்பொடி கொஞ்சம் உளது. சால்மன் விந்திலிருந்து எடுத்த நியூக்கிளீன் என்ற குறிப்பும் மீஷரின் பெயரும் அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கின்றன.